உதறலுக்கு முன்னால் என்ன நடந்தது

கேஸ் ஷீட்டில் புது நர்ஸுகள் நீங்கள் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் அல்லவா, கண் சும்மா இருக்காது. "நடுக்கம்" என்று எழுதுகிறீர்கள். பக்கத்தில் நேரம் போடுகிறீர்கள். கீழே கையெழுத்து. எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கிறது, அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த ஷிப்டில் வருகிறவள் என்ன செய்வாள் என்று யோசித்தீர்களா? வீட்டுக்கு வந்தவர் யார் என்று கேட்டால் "ஒரு ஆள்" என்று பதில் சொல்வது போல இருக்கிறது.

நம் ஊர் ஜனங்கள் அப்படிச் சொல்வதில்லை. ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக நுழைந்து, தலை நரைத்து வெளியே வந்தவள் நான். அத்தனை வருடமும் என் காதில் அதிகம் விழுந்த சொல் உதறல்தான். மில்லில் இருந்து நேராக வருகிறவர் "ஒதறிக்கிட்டு வருது சிஸ்டர்" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போர்வை கேட்கிறார் என்று பொருள்; காய்ச்சல் ஏறப்போகிறது. டெய்லர் "கை ஒதறுது" என்றால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பிழைப்பு என்ன ஆகுமோ என்ற கவலை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் ஏறவேண்டிய பிள்ளை, பஸ்ஸை விட்டுவிட்டு நம் வாசலில் வந்து நின்று "ஒதறுதுக்கா" என்றால் அன்றைக்குப் பரீட்சை என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவள் "எல்லாத்தையும் ஒதறிட்டு வந்துட்டேன்" என்பாள். அவளுக்கு ஊசி வேண்டாம், உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தானே வீட்டுக்குப் போய்விடுவாள். முதல் முறை ஊசி போடப் போகும்போது உங்களுக்கு வந்ததும் அந்த உதறல்தான். எனக்கும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

இத்தனைக்கும் ஒரே சொல். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒன்றும் கிடைக்காது என்பதை எனக்குப் புரியவைத்தவர் என்னைவிட வயதில் சிறியவர். படிப்பு முடிந்த சூட்டோடு நம் ஆஸ்பத்திரிக்கு டியூட்டி டாக்டராக வந்து, கொஞ்ச காலமே இருந்துவிட்டு மேல்படிப்புக்குப் போய்விட்டார். ஒல்லியான பெண். சத்தமாகப் பேசமாட்டார். ஆண்கள் வார்டில் ஒரு கடைக்காரருக்கு டிரிப்பில் புது மருந்து ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று கட்டிலே ஆடும்படி உதற ஆரம்பித்தார். அவர் மகன் போர்வை கேட்டுக் கூப்பாடு போட்டான். ஆயா ஃபேனை நிறுத்தப் போனாள். நான் காய்ச்சல் பார்க்கக் கை வைத்தேன். அந்தச் சின்ன டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் டிரிப்பை மூடினார். அதற்குப் பிறகுதான் கடைக்காரருடைய நாடியைப் பிடித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு நான் கேட்டேன், "எப்பிடி டாக்டர் ஒடனே தெரிஞ்சது?"

"தெரியல சிஸ்டர். ஆனா கொஞ்ச நேரத்துக்கு முன்னால அவர் சிரிச்சுப் பேசிட்டிருந்தார். அதுக்கப்புறம் புதுசா நடந்தது இது ஒண்ணுதான். அதான் முதல்ல இதை நிறுத்தினேன். இது இல்லைன்னா மறுபடி திறந்துக்கலாம்ல."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. உதறலைப் பார்த்தால் உதறலை அடக்க ஓடாதே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார். இதைச் சொல்வது எளிது. சுற்றி ஆட்கள் கத்தும்போது, ஆளுக்கொரு பெயர் வைக்கும்போது, அந்தக் கேள்வியை மறக்காமல் இருப்பதுதான் பாடு. அதை நான் எந்த அளவுக்குக் கற்றுக்கொண்டேன் என்று ஒரு புரட்டாசி சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது. நீங்கள் பயந்துகொண்டே கேட்க வேண்டாம். அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய நம் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தே "கோவிந்தா" சத்தம் ஆரம்பித்துவிடும். மலையடிவாரத்தில் நம் ஆஸ்பத்திரி சார்பில் ஒரு பந்தல் போட்டு, ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸும் உட்காருவது வழக்கம். சுளுக்கு, கொப்புளம், தலைசுற்றல், இவ்வளவுதான் வரும். எங்கள் பந்தலுக்கு இந்தப் பக்கம் நீர்மோர், அந்தப் பக்கம் பானகம். அன்று கடைசிச் சனிக்கிழமை, வெயிலும் சரியான வெயில்.

பாதிப் படியில் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். கையில் ஒரு கட்டுத்துணியும் வலித்தைலமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர் காலை நீவிவிட்டு இறங்கும்போது படியோரம் ஒரு கும்பல். நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சேலை, கழுத்தில் துளசி மாலை. உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது.

"பெருமாளே எறங்கி வந்திருக்காரு. எல்லாரும் சேவிச்சுக்கோங்க" என்று பக்கத்தில் நின்ற பெண் கைகூப்பிக்கொண்டு சொன்னாள். அவள் பெயர் நாச்சியார். உதறிக்கொண்டிருந்த அம்மாள் அவளுடைய மதினி, ராமலட்சுமி. எதிரே படியில் மண்டியிட்டுக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவர் ராமலட்சுமியின் கணவர் அழகர்சாமி. தேவதானம் என்ற ஊரில் விவசாயம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை.

"என் மகளுக்கு நல்லபடியா ஆகும்னு ஒரு வார்த்த சொல்லு சாமி. ஒரே ஒரு வார்த்த" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ராமலட்சுமியின் உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. "வாக்குச் சொல்ல மாட்டேங்காரே" என்று நாச்சியார் கவலைப்பட்டாள். ஒரு நடுவயது ஆள் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

சாமி வந்து ஆடுகிறவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். இது பொய், அது மெய் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு முறுக்கு இருக்கும். முடி அவிழும், தோள் துள்ளும், கண் எதையோ பார்க்கும். இந்த அம்மாளின் கண் எதையும் பார்க்கவில்லை. உடம்பு துவண்டு கிடக்க, விரல் நுனியில் இருந்து நடுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவர் கழுத்தில் புறங்கையை வைத்தேன். அந்த வெயிலில் அது ஜில்லென்று இருந்தது. வியர்வை ரவிக்கையை நனைத்து ஓடியது.

"தொடாதீக" என்று நாச்சியார் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண் என் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அதில் சிலுவை இருந்தது. "நீங்க வேதக்காரகதான? ஒங்களுக்கு இது தெரியாது. ஆடும்போது தொடப்பிடாது."

கூட்டத்தில் இரண்டு பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் மலை, அவர்கள் சாமி, நடுவில் புகுந்தது நான். அங்கேயே நின்று "இது சாமி இல்ல, வியாதி" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைப் படியில் இருந்து இறக்கிவிட்டிருப்பார்கள். நானும் போலீஸ்காரரைக் கூப்பிட்டு ஒரு பெரிய நியாயம் பேசியிருப்பேன். அது முடிவதற்குள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்திருப்பார்.

நான் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டேன். "தொடல தாயி. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அண்ணாச்சி, ஒரு சேதி மட்டும் சொல்லுங்க. மதினி காலையில என்ன சாப்பிட்டாக?"

அழகர்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெரதம்லா. நேத்துப் பொழுதடைஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி தவிர பல்லுல ஒண்ணும் படல. எல்லாச் சனியும் இப்பிடித்தான், மேல போயி சேவிச்ச பொறவுதான் வாயத் தொறப்பா. மகளுக்காகத்தான். அவளுக்குப் போன ரெண்டு தடவயும் தங்கல. இப்ப ஏழாம் மாசம்."

"மாத்திர மருந்து ஏதும் சாப்பிடுவாகளா?"

"சுகருக்குப் போடுவா. அதுல எல்லாம் அவ ரொம்ப சரி. எத விட்டாலும் மாத்திரைய விடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருல்லா. இன்னைக்கும் பஸ் ஏறும்போது முழுங்கிட்டுத்தான் ஏறுனா. போன வாரம்தான் புது மாத்திர எழுதிக் கொடுத்தாரு."

போன சனிக்கிழமைக்கும் இந்தச் சனிக்கிழமைக்கும் நடுவில் புதிதாக நடந்தது அந்த மாத்திரை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் டாக்டர் சொன்னதையும் மீறவில்லை, பெருமாளுக்குச் சொன்னதையும் மீறவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே காலையில் கட்டுப்பட்டதுதான் வினையாகிவிட்டது. வயிறு காலி, மாத்திரையோ உள்ளே போய் இல்லாத சர்க்கரையைத் துரத்திக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் உதறல் நின்றுவிடும். கூட்டம் "சாமி மலையேறிருச்சு" என்று கும்பிட்டுவிட்டுக் கலைந்துபோகும். அவர் எழுந்திருக்க மாட்டார்.

பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் படி முழுக்க ஜனம். ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு ஆள் நுழையவே இடமில்லை. அவரை இனிப்புக்குக் கொண்டுபோக முடியாது, இனிப்பைத்தான் அவரிடம் கொண்டுவர வேண்டும். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அண்ணாச்சி, போனை உள்ள வச்சிட்டு ஒரு ஒத்தாச பண்ணுங்க. கீழ பானகம் கொடுக்காகல்லா, ஒரு சொம்பு நெறைய வாங்கிட்டு வாங்க. வெள்ளப் பந்தல்ல இருக்க டாக்டரையும் சுகர் மிஷினோட வரச் சொல்லுங்க" என்றேன். நல்ல மனிதர், மறுபேச்சுப் பேசாமல் போனார்.

அழகர்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"பானகம் ஆருக்கு?"

"மதினிக்குத்தான்."

"அது நடக்காது தாயி. மேல போயி சேவிக்காம அவ வாயில எதும் படக் கூடாது. கடைசிச் சனி இது. இத்தன வாரம் பட்ட பாடு அம்புட்டும் வீணாப் போயிரும். நாள மக வயித்துல இருக்கதுக்கு ஏதும் ஆச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீக?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே கேட்டார். அவர் பார்வையில், ஒரு சொம்பு வெல்லத் தண்ணீருக்காகப் பேரப்பிள்ளையைக் கேட்கிறேன் நான். நம் வேலையில் எதிர்த்து நிற்கிறவர் முட்டாளாக இருப்பதில்லை. பெரும்பாலும் பயந்துபோயிருப்பார், அவ்வளவுதான். இதை நீங்கள் எங்கேயாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படித்ததெல்லாம் எனக்கு அங்கே உதவவில்லை. சர்க்கரை அளவு, மாத்திரையின் பெயர், எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் நிலையில் இல்லை. நான் அவர்கள் சொன்னதையே கையில் எடுத்தேன்.

"அண்ணாச்சி, நான் வேதக்காரிதான். எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். இப்ப இங்க வந்திருக்கது யாரு?"

"பெருமாளு."

"அந்தப் பெருமாளச் சேவிக்கத்தான மேல போறீக? அவரே இங்கன எறங்கி வந்துட்டாருன்னா, மேல போயி வேற யாரச் சேவிக்கப் போறீக? சேவிச்சாச்சு. இந்தத் தாயி சொன்னா, இங்க இருக்க எல்லாரும் கும்பிட்டாச்சு. இம்புட்டுத் தூரம் எறங்கி வந்தவர, வெயில்ல உக்கார வச்சு, ஒரு மடக்குப் பானகம் கொடுக்காமலா அனுப்புவீக?"

நான் பொய் சொன்னேனா என்று இன்று வரை சிலர் கேட்பதுண்டு. நான் ஒரு வார்த்தையும் புதிதாகச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைத்தான் அவர்களிடமே நீட்டினேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் "சரியாத்தான சொல்லுது அந்தம்மா" என்றார். நாச்சியார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். உதறல் கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கோ, அவர் முழுசாக மயங்கப்போகிறார் என்று தெரிந்தது.

"கொடுக்கலாம்ணே" என்றாள் நாச்சியார். "பெருமாளு பானகம்தான? பெரசாதம்லா அது."

அழகர்சாமி விலகி நின்றார்.

சொம்பு வந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரத்தில் சொம்பைச் சாய்த்து ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்விடும், பிழைக்க இருந்தவரை நாமே முடித்துவிடுவோம். மயங்கிப்போனவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். இவர் மயக்கத்தின் விளிம்பில் இருந்தார். நாச்சியாரிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு, "ராமலட்சுமியக்கா" என்று காதோரம் பலமாகக் கூப்பிட்டேன். இமை அசைந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, விரலைப் பானகத்தில் நனைத்து உதட்டில் வைத்தேன். நாக்கு வெளியே வந்து தடவியது. இன்னும் சில சொட்டு விட்டுத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்குகிறார். அந்த ஒரு அசைவைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சம்பளத்தில் யாரும் கொடுத்ததில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம், இன்னொரு மடக்கு. நாச்சியார் தானாகவே உட்கார்ந்து மதினியின் முதுகைத் தாங்கிக்கொண்டாள். தொடக்கூடாது என்பது எப்போதோ மறந்துபோயிருந்தது. நான் மனசுக்குள் என் பங்குக்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் படியில் அந்த நேரத்தில் யார் யாரைக் கும்பிட்டோம் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சொம்பில் பாதி போவதற்குள் விரல்களின் ஆட்டம் அடங்கியது. கண்ணுக்குள் ஆள் வந்த மாதிரி ஒரு பார்வை வந்தது. ராமலட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தார். நனைந்துபோன சேலையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"எதுக்கு இப்பிடி எல்லாருமா சுத்தி நின்னு வேடிக்க பாக்கீக? அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அதுதான் அன்றைக்கு வந்த வாக்கு.

கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு அம்மாள் மட்டும் விடாமல் முன்னால் வந்து, "எங்க எடம் எப்ப விலை போகும்னு சொல்லுங்க தாயி" என்று கேட்டார். "எனக்கென்னம்மா தெரியும், புரோக்கரக் கேளுங்க" என்று ராமலட்சுமி எரிந்து விழுந்தார். நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை.

டாக்டர் மிஷினோடு மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். பானகம் குடித்த பிறகும் அளவு கீழேதான் இருந்தது. குடிக்கும் முன்னால் எங்கே இருந்திருக்கும் என்று அவரும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். மாத்திரையின் வேலை இன்னும் முடியவில்லை, மறுபடியும் இறங்கலாம், பந்தலில் படுக்கவைத்துச் சாப்பாடு கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அழகர்சாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் விழுந்துபோனது. என்னைத் தனியாக ஒதுக்கிக் கேட்டார்.

"அப்ப சாமி வரலியா தாயி?"

சற்று முன்பு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷம் என் கண்ணுக்குள் இருந்தது. "அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சரியா நான் எறங்குற நேரமாப் பாத்து மதினி இங்கன உக்காந்தாக. கீழ பானகம் கொடுத்துக்கிட்டு இருந்தாக. போன் வச்சிருந்தவரு சொன்ன ஒடனே ஓடுனாரு. இதுக்கு என்ன பேரு வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் ராமலட்சுமியின் குரல் வந்தது. "சிஸ்டரு சொன்னது அம்புட்டும் காதுல விழுந்துச்சு. பேசத்தான் முடியல. நான் இங்கனயே சேவிச்சாச்சு. நீங்க மேல போயி இந்தத் துளசிய மட்டும் கொடுத்துட்டு வாங்க. ஓடாதீக, மெதுவா ஏறுங்க."

அவர் மாலையை வாங்கிக்கொண்டு ஏறினார். நாங்கள் இறங்கினோம். பந்தலுக்கு வந்து, அந்த அம்மாள் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கை இரண்டும் உதற ஆரம்பித்தது. கோட்டுப் பைக்குள் வைத்து மறைத்துக்கொண்டேன். முன்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் பயமில்லை. வேலை நடக்கும்போது வராமல், முடிந்த பிறகு வருகிற உதறல் மிக நல்ல உதறல். உங்களுக்கும் வரும். வந்தால் வெட்கப்படாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து டீ குடியுங்கள்.

அன்றில் இருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் வந்தது. சுகர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் "மாத்திரையை விடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. "விரதம் இருப்பீகளா, நோன்பு பிடிப்பீகளா" என்றும் கேட்போம். புரட்டாசிக்கு முன்னால் கேட்போம், ரம்ஜானுக்கு முன்னால் கேட்போம், எங்கள் தவக்காலத்துக்கு முன்னாலும் கேட்போம். சாப்பிடாத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகச் சொல்வோம். நீங்கள் இப்போது அதைக் கேட்கிறீர்களா என்று தெரியவில்லை. கேட்காவிட்டால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

மார்கழியில் அழகர்சாமியின் மகளைப் பிரசவத்துக்கு எங்களிடமே கொண்டுவந்தார்கள். நன்றாக விடிந்த பிறகு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நல்ல குரல். ராமலட்சுமி உள்ளே மகளின் தலைமாட்டில் நின்றிருந்தார். குழந்தையைத் துடைத்து எடுத்த சற்று நேரத்தில், பெற்ற பெண்ணுக்கு உடம்பு வெடவெடவென்று உதற ஆரம்பித்தது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பிரசவம் ஆனவுடன் பலருக்கு இது வரும், தானே போய்விடும். தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் காய்ச்சல் பார்த்தேன், நாடி பார்த்தேன், இரத்தப்போக்கு அதிகமா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கதகதப்பாகப் போர்த்திவிட்டு, அப்பாவிடம் சேதி சொல்லலாம் என்று கதவைத் திறந்தேன்.

அழகர்சாமி கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சொம்பு. வெல்லமும் ஏலக்காயும் மணந்தது. மார்கழிக் குளிரில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பானகம். வீட்டிலேயே கரைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று.

"மகளுக்கு ஒதறுதுல்லா தாயி? எனக்குக் கேட்டுச்சு. முன்னால ஒண்ணும் சாப்பிடல அவ. இதக் கொடுங்க, இந்தத் தடவ நான் குறுக்க நிக்கல."

"வேண்டாம் அண்ணாச்சி. இது வேற ஒதறல். முன்னால பிள்ள பெத்துருக்கா, அதான். பேத்தி பொறந்திருக்கா ஒங்களுக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

சொம்பைப் பிடித்திருந்த அவர் கை இரண்டும் ஆட ஆரம்பித்தது. பானகம் தளும்பி வேட்டியில் கொட்டியது. நான் சொம்பை வாங்கினேன். பெஞ்சில் உட்காரவைத்து, அவர் கரைத்த பானகத்தை அவருக்கே மெதுவாகக் கொடுத்தேன். ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம், இன்னொரு மடக்கு.